நைஸ் துணியில மாடிவீட்டுக்காரன் மூஞ்சி

ஒரு ஊர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சு.

ராஜா இல்ல, ராணி இல்ல, நரியும் இல்ல. ஜன்னல்தான். ஒத்த ஜன்னல்.

"ஜன்னல் பேசுமாக்கா?"

பேசாது. நீயும் பேசாத ரோஷி. "ம்" மட்டும் சொல்லு. "ம்" நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டன்னு நானும் நிறுத்திடுவேன். அப்புறம் காலைல வந்து மிச்சம் சொல்லுன்னு உயிர வாங்கக் கூடாது. போர்வைய இழுத்துக்கோ. கால என் மேல போடாத.

அந்த ஜன்னல் வடிவுங்கிற பொண்ணு வீட்டு ஜன்னல். அந்தத் தெருவுல வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும், பஸ்ல நிக்கிற ஆளுங்க மாதிரி. வடிவு வீடுதான் கடைசி வீடு. முன்னாடி ஒரு வாசல், அதுல தாழ்வாரம் இறங்கி மறைச்சுக்கிட்டு நிக்கும், வெளிச்சம் வராது. ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் செவுரு. பின்னாடி ஒண்ணுமில்ல, அடுப்படி. மிச்சம் இருந்த பக்கத்துலதான் அந்த ஜன்னல். அதுக்கு அந்தாண்ட காலி எடம். காலைல வெயிலு நேரா உள்ள வந்து வடிவு மடியில விழும்.

ம்?

"ம்."

வடிவுக்கு அம்மா அப்பா கிடையாது. செத்துப் போயிட்டாங்க. எப்படின்னு கேக்காத, அது இந்தக் கதையில இல்ல. அவ கிராஸ் ஸ்டிச் போடுவா. சித்தி வீட்டு டிவி மேல கிளி போட்ட துணி விரிச்சிருக்குல்ல, கட்டம் கட்டமா பொடி ஓட்டை இருக்குமே, நீ கூட விரல விட்டு நோண்டி அடி வாங்குனியே, அதான் மேட்டி துணி. அதுல ஒரு கட்டத்துல இப்படி ஒரு சாய்வு, அதுக்கு மேல அப்படி ஒரு சாய்வு. கணக்குல பெருக்கல் போடுவல்ல, அதேதான். அத மாதிரி நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல போட்டா கிளி வரும், ரோஜா வரும், என்ன வேணா வரும். ஊசி உள்ள போனா டொப். நூல இழுத்தா சர்ர்ர். டொப், சர்ர்ர். டொப், சர்ர்ர். நாள் பூரா அந்த வீட்டுல அந்தச் சத்தம்தான்.

அந்தத் தெருவுல ஒரு பழக்கம். யாரு வீட்டுக்குப் புதுசாப் பொண்ணு வந்தாலும், அவ உள்ள கால் வைக்கும்போது எதிர் செவுத்துல ஒரு படம் மாட்டி இருக்கணும். ரெண்டு அன்னம், கீழ பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு. வடிவுதான் தச்சுக் கொடுப்பா. அவ சோறு அதுலதான். அதனால அவளுக்கு அந்த ஜன்னல் வேணும். புரியுதா? ஜன்னல் இல்லன்னா கட்டம் தெரியாது. கட்டம் தெரியலன்னா அன்னம் இல்ல. அன்னம் இல்லன்னா சோறு இல்ல.

"லைட்டு போட்டுக்கலாம்ல?"

அப்போல்லாம் லைட்டு ஏது? சிம்னி விளக்குதான். விளக்கு வெளிச்சத்துல கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒண்ணாத்தான் தெரியும். அதுக்குள்ள அடுத்த கேள்வி கேப்ப, தெருவுல உக்காந்து தைக்கலாம்லன்னு. பொம்பளப் புள்ள தெருவுல கால நீட்டி உக்காந்து வேலை பாத்தா அந்த ஊர்ல பேசுவாங்க. ஆம்பளைங்க நாள் முழுக்க உக்காந்து சீட்டாடுவாங்க, அதப் பத்தி ஒரு வாய் பேசாது. சரி விடு. எனக்குக் கோவம் வருது.

அப்புறம் ஒரு நாள் அந்தக் காலி எடத்துல டங்... டங்... டங்னு சத்தம். வடிவு எட்டிப் பாத்தா கடப்பாரை போட்டு, செவுரு எழுப்ப வானம் தோண்டுறாங்க. மாடிவீட்டு பெத்தபெருமாள் அந்த எடத்த வாங்கிட்டாரு. அவரு... இல்ல, அவருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவன்னே சொல்றேன்.

"அம்மா திட்டும்."

அம்மா தூங்கிடுச்சு. அவன், அந்த மாடிவீட்டுக்காரன், ஏற்கெனவே மாடி வச்ச வீடு இருக்கும்போது இன்னொரு மாடிவீடு கட்டுறான். சுத்துச் செவுரு வடிவு ஜன்னல ஒட்டி வருது. கைய நீட்டுனா செங்கல் இடிக்கிற தூரம்.

வடிவு ஓடிப் போயி கேட்டா. "அண்ணாச்சி, செவுரு ஏறுனா என் ஜன்னல் மறைஞ்சுரும். கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா?"

அவன் பிரம்பு நாற்காலியில உக்காந்து வாழைப்பழம் உரிச்சுக்கிட்டு இருந்தான். நிமிந்து கூட பாக்கல. "எடம் ஆருது?"

"உங்களுதுதான்."

"அப்ப செவுரு?"

"உங்களுதுதான் அண்ணாச்சி. வெளிச்சந்தான்..."

"வெளிச்சம் எங்கிட்டு வழியா வருது? என் எடத்து வழியாத்தான?" அப்படின்னு சொல்லி பழத்த வாயில போட்டுக்கிட்டான். குபுக். முழுசா.

அப்புறம் என்ன நெனச்சானோ, "ஏட்டி, நீதான அந்தப் பெருக்கல் குறித் தையல் போடுறவ? புது வீட்டுக் கூடத்துல மாட்டுறதுக்கு என் மூஞ்சியத் தச்சுக் கொடு. எனக்குப் பிடிச்சிருந்தா செவுத்த நிறுத்திப்புடுறேன்" அப்படின்னான்.

வடிவுக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோசமா இருந்துச்சு. அதான் எனக்கு எரியுது. அவ வெளிச்சத்த அவளுக்கே கொடுக்குறதுக்கு அவன் வேலை வாங்குறான், இவ சந்தோசப்படுறா. சரி. அவளுக்கு அப்போ வேற வழி தெரியல.

ம்?

"ம்."

அவன் ஒரு போட்டோ கொடுத்தான். தலப்பா, மீசை, ரெண்டு கன்னம், எல்லாம் இருந்துச்சு. வடிவு அது மேல கட்டம் போட்டா. எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலருன்னு குறிச்சா. மேட்டி துணிய ரெண்டா மடிச்சு, நாலா மடிச்சு, நடு எடத்தக் கண்டுபிடிச்சா. நூலப் பிரிச்சா. தையல் நூலு பாக்க ஒத்த நூலு மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஆறு இழை. மூணு இழையக் கோத்தா. டொப், சர்ர்ர். டொப், சர்ர்ர். மொதல்ல மூக்கு, அப்புறம் மீசை, அப்புறம் கண்ணு.

முடிச்சு எடுத்துட்டுப் போனா. சாப்பாட்டுத் தட்டு அளவு மூஞ்சி. நல்லாத்தான் இருந்துச்சு. அவன் கிட்ட வச்சுப் பாத்தான். அவன் மூக்கு துணிய இடிக்கிற அளவுக்குக் கிட்ட.

"என்னட்டி இது? என் மூக்கு படிக்கட்டு மாதிரி இறங்குது!"

"அண்ணாச்சி, இந்தத் தையல்ல வளைவு கிடையாது. கட்டந்தான். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க, சரியாத் தெரியும்."

"நான் எதுக்குத் தள்ளி நிக்கணும்? என் மூஞ்சிட்டி! ஓட்டை பெருசா இருக்கு. சாக்குல தச்ச மாதிரி இருக்கு. நைஸ் துணியில போட்டுக் கொண்டா."

வடிவு வீட்டுக்கு வந்தா. வந்து பாத்தா செவுரு ஜன்னல் அடிக்கட்டை வரைக்கும் ஏறி நிக்குது. கொத்தனார் சுடலைமுத்து கரண்டிய வச்சுத் தட்டிக்கிட்டு இருக்காரு. டக், டக், டக்.

"மாமா, அண்ணாச்சி நிறுத்துறேன்னாரே?"

"பிடிச்சிருந்தா நிறுத்துவேன்னாராம் தாயி. பிடிக்கலயாம். நான் என்ன செய்ய?"

இந்த 'நான் என்ன செய்ய' இருக்கே ரோஷி. அந்த ஊர்ல எல்லாரு வாயிலயும் அதான். காலைல எந்திரிச்சு பல்லு வெளக்குன உடனே சொல்லிப் பழகுவாங்க போல.

அப்புறம் ரெண்டாவது. வடிவு இதுக்கு முன்னாடி நைஸ் துணியில போட்டதே இல்ல. அன்னத்துக்கு எதுக்கு நைஸ் துணி? வாங்கிட்டு வந்து விரிச்சா. ஓட்டையெல்லாம் கடுகு மாதிரி இருந்துச்சு. ஊசியும் சின்னதா மாத்துனா. எல்லாம் மாத்துனா, நூல மட்டும் மாத்தல. அதே மூணு இழை. கைப் பழக்கம். ஊசி உள்ள போக மாட்டேங்குது. டொப்னு போற ஊசி க்ர்ர்ர்ர்ங்குது. இழுக்குறா, இழுக்குறா, நூலு பிசிறு பிசிறா வருது. விடாம ஒரு கன்னத்த முடிச்சுட்டுப் பாத்தா, பெத்தபெருமாள் கன்னம் குளவி கொட்டுன மாதிரி புஸ்ஸுனு வீங்கி நிக்குது.

சிரிக்கிறியா? அவளும் சிரிச்சா. கொஞ்ச நேரம்தான். அப்புறம் பிரிக்கணும்ல. ஒவ்வொரு தையலா. பர்ர்... பர்ர்... நைஸ் துணியில தப்புப் பண்ணா பிரிக்கிறதும் நைஸாத்தான் பிரிக்கணும், இல்லன்னா துணி கிழிஞ்சிரும். ஜன்னல்ல வெளிச்சம் குறைஞ்சுக்கிட்டே வருது, குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு. பிரிச்சு முடிச்சு, இழையக் குறைச்சுக் கோத்து, மறுபடி மொதல்ல இருந்து போட்டா. இப்ப கன்னம் கன்னமா இருந்துச்சு. மூக்கு மூக்கா இறங்குச்சு. படிக்கட்டு தெரியல. வடிவுக்கே ஆச்சரியம். தடவித் தடவிப் பாத்தா. நைஸ் துணி நல்ல துணிதான் ரோஷி. துணி மேல ஒரு தப்பும் இல்ல.

எடுத்துட்டுப் போனா. அவன் பாத்தான். தூக்கிப் பாத்தான். திருப்பிப் பாத்தான்.

"ஏட்டி, என் மூஞ்சி ஏன் சுருங்கிப் போச்சு?"

ஏன்னா கட்டம் அதே கட்டம், ஓட்டை மட்டும் சின்னது. அப்ப படமும் சின்னதாத்தான வரும்? சாப்பாட்டுத் தட்டு டம்ளர் மூடி ஆயிருச்சு. வடிவு பொறுமையா அதச் சொன்னா.

"அந்தக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். படம் பெருசா இருக்கணும். தையலு கண்ணுக்கே தெரியக் கூடாது."

"அப்படின்னா ரொம்ப நாளாகும் அண்ணாச்சி. வெளிச்சமும் வேணும். செவுத்தக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்க, தச்சுத் தாரேன்."

"மொதல்ல படம். அப்புறம் செவுரு."

"வெளிச்சம் இல்லாம எப்படி அண்ணாச்சி படம்?"

"அது ஒன் கவல. துணி நான் அனுப்புறேன். இதெல்லாம் துணியா? கப்பல்ல வந்த துணி இருக்கு எங்கிட்ட."

வீட்டுக்கு வந்தா, செவுரு ஜன்னல்ல பாதிக்கு ஏறிடுச்சு. வடிவு, துணிய மாட்டித் தைக்கிற வளையத்த எடுத்து அடுப்படிச் செவுத்துல வீசுனா பாரு. டணார்!

சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு பிச்சம்மா மதினி வந்துட்டா. "ஏ வடிவு, என்னத்தட்டி ஒடைக்க?"

"அவன் மண்டைய ஒடைக்க முடியலல்ல, அதான் இத ஒடைக்கேன்."

"ஏய், வாயப் பொத்து. பெரிய எடத்து ஆளு. பொறுத்துப் போ. இப்ப என்ன, தையல்தான கேக்காரு? குனிஞ்சு தச்சுக் கொடுத்துட்டுப் போ."

"மதினி, ஒன் வீட்டு அடுப்பத் தூக்கிட்டுப் போயி, தோசை சுட்டுக் கொடுத்தா அடுப்பத் தாரேன்னா நீ என்ன செய்வ?"

பிச்சம்மா மதினி யோசிச்சா. ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம், "எனக்குத் துவையல் அரைக்கணும்" அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டா.

ரோஷி? ஏய்.

"ம்... ம்."

அப்புறம் மூணாவது. அந்தக் கப்பல் துணி வந்துச்சு. வெள்ளைன்னா வெள்ளை, பால் ஆடை மாதிரி. அதுல கட்டமே இல்ல. வெறும் இழைதான், குறுக்க நெடுக்க. இழைய எண்ணி, ரெண்டு இழை தள்ளி, ரெண்டு இழை தள்ளித்தான் ஊசி எறக்கணும். அந்த இழை கண்ணுக்குத் தெரியணும்னா துணிய வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கணும். வெளிச்சம் எங்க? ஜன்னல்ல பாதி போச்சு. தினமும் டக், டக், டக், ஒரு வரிசை செங்கல். தினமும் வெளிச்சம் மேல மேல போகுது, வடிவும் அது பின்னாடியே மேல மேல போறா. மொதல்ல மணையப் போட்டு உக்காந்தா. அப்புறம் முக்காலி. அப்புறம் ஆட்டுரல் மேல ஏறி நின்னுக்கிட்டே தச்சா. தலைக்கு மேல கையத் தூக்கி, ஒத்த இழை நூலு, தலைமுடி மாதிரி. சத்தமே வராது. நைஸ் துணியில டொப்பும் கிடையாது, சர்ர்ரும் கிடையாது.

கண்ணுல தண்ணியா வழியுது. துடைக்கிறா, தைக்கிறா. பெத்தபெருமாளோட இடது கண்ணு ஒரு இழை தள்ளிப் போச்சு. பிரிச்சா. மறுபடி போட்டா, இப்ப புருவம் தள்ளிப் போச்சு. பிரிச்சா. அவன் கண்ண நேராக்குறதுக்கு இவ கண்ணு கெட்டுப் போகுது. அப்படி பாதி மூஞ்சி வந்துச்சு. தலப்பா, ஒரு கண்ணு, பாதி மூக்கு.

அப்போ ஜன்னல்ல மிச்சம் இருந்தது ஒரு ஜாண். அவ்ளோதான். அந்த ஒரு ஜாணையும் மூடுறதுக்கு சுடலைமுத்து சாந்து குழைச்சுக்கிட்டு இருந்தாரு. சளக், சளக்.

வடிவு ஓடுனா. துணியக் கையில பிடிச்சுக்கிட்டே ஓடுனா.

"அண்ணாச்சி! படம் இன்னும் முடியல. அதுக்குள்ள ஏன் மூடச் சொன்னீங்க?"

அவன் புது வீட்டுக் கூடத்துல நின்னுக்கிட்டு இருந்தான். மறுநாள் கிரகப்பிரவேசம். மாவிலை கட்டிக்கிட்டு இருக்காங்க. வடிவு நிமிந்து பாத்தா. கூடத்துச் செவுத்துல ஒரு படம். ஆளு ஒசரத்துக்கு, பளபளன்னு, சாயம் போட்டு வரைஞ்ச படம். அதே தலப்பா. அதே மீசை. தங்கக் கலர்ல சட்டம். மாட்டி ரொம்ப நாளாயிருக்கும் போல, மேல ஒட்டடை தொங்குது.

"இது எப்ப அண்ணாச்சி மாட்டுனது?"

"கூடம் எழும்புன உடனே."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

அவன் என்ன சொன்னான் தெரியுமா? வெக்கமே இல்லாம சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். "நீ சும்மா இருந்தா தெனமும் வந்து அழுதுகிட்டு நிப்ப. கைக்கு வேலை கொடுத்தா பேசாம கெடப்பன்னு கொடுத்தேன். கெடந்தீல்ல?"

கேட்டியா ரோஷி? கெடந்தீல்லங்கிறான். மொதத் துணி, ரெண்டாந்துணி, கப்பல் துணி, மூக்கு சரியில்ல, சுருங்கிப் போச்சு, எல்லாம் சும்மா. அவ குனிஞ்சு இழைய எண்ணிக்கிட்டு இருக்கும்போது இந்தாண்ட செங்கல் ஏறுது. அவ எவ்ளோ நைஸா தைக்கிறாளோ அவ்ளோ நாளு நிமிர மாட்டா. அதுக்குத்தான் நைஸ் துணி.

வடிவு அழல. கத்தல. அவ மூஞ்சி அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரி ஆயிருச்சு. தண்ணி தெளிச்சா சுர்ர்னு ஆவி போகும்.

விறுவிறுன்னு வெளிய வந்தா. கொத்தனார் நிக்கிற சாரம் இருக்குல்ல, மூங்கில் கட்டி வச்சிருப்பாங்க, அதுல கால வச்சா. ஏறுனா. சுடலைமுத்து "ஏ தாயி, ஏ தாயி" ங்கிறாரு. அப்பதான் சாந்து பூசி வச்ச செவுத்து மேல, ஈரத்துல, பொத்துனு உக்காந்துட்டா!

"பாவாடை அழுக்காயிரும்ல?"

ஆச்சு. ஆனா ஆகட்டும். இந்தப் பக்கம் ஒரு காலு, அந்தப் பக்கம் ஒரு காலு. உக்காந்து துணிய வானத்துக்கு நேரா பிடிச்சா. அட! அங்க வெளிச்சம்னா வெளிச்சம், தடுக்க ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு இழையும் தனித்தனியாத் தெரியுது. இவ்ளோ நாளா நான் உரல் மேல நின்னு செத்தேனேன்னு நெனச்சா. நெனச்சுட்டு பெத்தபெருமாள் மூஞ்சிய நூலப் பிடிச்சு இழுத்தா. சர்ர்ர்ர்ர். தலப்பா போச்சு. கண்ணு போச்சு. பாதி மூக்கும் போச்சு.

அவன் ஓடி வந்தான். "ஏட்டி! இறங்குட்டி! என் செவுரு!"

"வெளிச்சம் இங்கதான் அண்ணாச்சி இருக்கு. நான் தைக்க வேண்டாமா?"

"சுடலை! என்னல பாத்துக்கிட்டு நிக்க? செங்கல வை!"

"எங்க வைக்க? அந்தப் புள்ள மடியிலயா?"

"பிடிச்சு இறக்கு!"

சுடலைமுத்து சாரத்துல ஒரு எட்டு எடுத்து வச்சாரு. வடிவு ஊசியத் தூக்கிக் காட்டுனா. "மாமா, வந்தா குத்திருவேன்." அவரு அப்படியே நின்னுட்டாரு. கிராஸ் ஸ்டிச் ஊசிக்கு முனையே கிடையாது ரோஷி, மொட்டை ஊசி, குத்துனா எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காது. அது அவங்களுக்குத் தெரியுமா? மூஞ்சி, மூக்குன்னு அவ்ளோ பேசுனவன் ஒரு நாளும் அவ ஊசியப் பாத்ததில்ல.

அப்புறம் அவ அந்தத் துணியில வேற ஒண்ணு போட ஆரம்பிச்சா. என்ன சொல்லு?

"அன்னம்?"

கழுதை.

"அவரு மாதிரியா?"

சேச்சே. கழுதைய ஏன் கேவலப்படுத்துற? நல்ல கழுதை. பல்லெல்லாம் காட்டிக்கிட்டு நிக்கிற கழுதை. அவளுக்குக் கழுதைய ரொம்பப் பிடிக்கும், ஆனா யாரும் கல்யாணப் படத்துல கழுதை கேக்க மாட்டாங்க.

பெத்தபெருமாள் நாற்காலியக் கொண்டாந்து செவுத்துக்கு எதிர்லயே போட்டு உக்காந்துட்டான். "எவ்ளோ நேரம் உக்காருவ? பசிக்கும்ல? இறங்கித்தான ஆகணும்? நீ இறங்குன அடுத்த நிமிசம் செங்கல் ஏறும்."

"ஒண்ணுக்கு வந்தா என்னக்கா பண்ணுவா?"

அதான். அதான் பிரச்சினை. வடிவும் அததான் யோசிச்சா. பசியக் கூட தாங்கிக்கலாம். மதியம் ஆச்சு. அவளுக்கு முடியல. கால இறுக்கி வச்சுக்கிட்டு தைக்கிறா. அவன் பாத்துட்டான். சிரிக்கிறான். "என்னட்டி, நெளியுற?"

அப்போ யாரு வந்தா தெரியுமா? பிச்சம்மா மதினி. முறத்துல முருங்கைக் கீரையோட வந்தா. நேரா சாரத்துல ஏறுனா. கனத்த உடம்பு, மூங்கிலெல்லாம் கிறீச் கிறீச்சுங்குது. "தள்ளுட்டி" ன்னு சொல்லி வடிவு பக்கத்துல பொத்துனு உக்காந்தா.

"மதினி, நீ எதுக்கு?"

"அந்த அடுப்பு சங்கதிய யோசிச்சேன். இப்பதான் யோசிச்சு முடிச்சேன். நீ போயிட்டு வா, நான் இங்கன கீரை ஆயிறேன். எங்க ஆஞ்சா என்ன?"

வடிவு இறங்கி ஓடுனா. ஓட்டம்னா ஓட்டம்!

பெத்தபெருமாளுக்கு வாயே மூடல. "பிச்சம்மா, ஒனக்கு என்ன வந்துச்சு? இறங்கு!"

"அண்ணாச்சி, காத்து நல்லா வருது. நீங்களும் வாங்களேன்."

வடிவு திரும்பி வந்தா, மதினி போனா. மதினி வந்தா, எதுத்த வீட்டுப் பொண்ணு ஒருத்தி தலை பின்னுறதுக்கு ஏறுனா. வெளிய உக்காரக் கூடாது, வெளிய உக்காரக் கூடாதுன்னு அடக்கி வச்சிருந்த பொம்பளைங்க எல்லாம் ஒவ்வொருத்தியா ஏறுனாங்க. ராத்திரியும் மாத்தி மாத்தி உக்காந்தாங்க. மறுநாள் காலைல செவுரு முழுக்க ஆளு. ஒருத்தி வெங்காயம் உரிக்கிறா. ஒருத்தி புள்ளைக்குப் பேன் பாக்குறா. காலெல்லாம் வரிசையாத் தொங்குது. வடிவு நடுவுல, கழுதைக்குக் காது போட்டுக்கிட்டு.

கிரகப்பிரவேசத்துக்கு ஆளுங்க வர ஆரம்பிச்சாச்சு. டும் டும் டும்னு மேளம். பெரிய பெரிய ஆளுங்க. எல்லாரும் வாசல்ல நின்னு அண்ணாந்து பாக்குறாங்க. "என்ன பெத்தபெருமாள், புதுச் செவுத்துல இவ்ளோ கூட்டம்? பஸ் ஸ்டாப்பா?" வெங்காயத் தோலு காத்துல பறந்து போயி பெரிய மனுசன் ஒருத்தர் துண்டு மேல ஒட்டிக்கிச்சு.

அவனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. மீசை துடிக்குது. பல்லக் கடிச்சுக்கிட்டு கத்துனான். "சுடலை! இவளுக உக்கார எடமே இருக்கக் கூடாது. இடிச்சுத் தள்ளு இந்தச் செவுத்த!"

சுடலைமுத்து காத சொறிஞ்சாரு. "எதுவரைக்கும் அண்ணாச்சி?"

"தரை வரைக்கும்! ஒரு செங்கல் மிச்சம் இருந்தா அதுலயும் ஏறி உக்காருவாளுக!"

"தாயி, கொஞ்சம் இறங்குங்க எல்லாரும்," அப்படின்னாரு சுடலைமுத்து. ரொம்ப மரியாதையா. அவரும் சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் சொன்னாரு.

டமார்! டமார்! டமார்!

தூசியா பறந்துச்சு. எல்லாரும் இருமுனாங்க. தூசி அடங்குனதும் பாத்தா, அந்தப் பக்கம் ஜன்னல். முழு ஜன்னல்.

அவன் இடுப்புல கைய வச்சுக்கிட்டு ஜெயிச்ச மாதிரி நின்னான். "இப்ப எங்கட்டி போயி உக்காருவ?"

"எங்க வீட்டுல," அப்படின்னா வடிவு.

உள்ள போனா. உக்காந்தா. வெயிலு மடியில விழுந்துச்சு. துணி இழை ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது.

"அப்புறம் அவளுக்குக் கோவம் போயிருச்சாக்கா?"

போகல. ஏன் போகணும்? மறுபடி கட்டுனா மறுபடி ஏறுவாங்கன்னு செவுத்த விட்டுட்டு, அவன் அதுக்கப்புறம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான், பாவம் ஏழைப் புள்ளை, வெளிச்சம் இல்லாம கஷ்டப்பட்டுச்சு, போனாப் போகுதுன்னு நானே செவுத்த இடிச்சுக் கொடுத்தேன்னு. அது வடிவு காதுலயும் விழுந்துச்சு. அவ தலையத் தூக்கி, ஜன்னல் வழியா, தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னா: "நீ கொடுக்கல. நாங்க உக்காந்தோம்."

சொல்லிட்டு ஊசிய எறக்குனா. கழுதைக்கு இன்னும் வாலு பாக்கி.

கதைய மடிச்சு வச்சாச்சு. கண்ண மூடு. இனி "ம்" கூட வேண்டாம். தூங்கு.